மிச்சப் பணத்தில் படித்த இந்தி

சைக்கிள் கேரியரில் நான்காக மடித்துப் போட்ட ஒரு துண்டு. அப்பாவை நினைத்தால் முதலில் அதுதான் கண்முன் வருகிறது. பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தார். தோள் துண்டில் எப்போதும் எண்ணெய் வாடை. நான் பின்னால் ஏறும்போது மட்டும் துவைத்த துண்டு.

நான் டாக்டராவேன் என்று நம்பித் தபாலாபீசில் வருஷக்கணக்காகப் பணம் போட்டுவந்தார். எனக்கு வாய்த்ததோ அரசு ஆசிரியர் பயிற்சி. படித்து முடித்த பின்னும் கணக்கில் பணம் மிச்சம். அம்மா வளையல் என்றாள். பம்பாய் மாமா, பள்ளிக்கூடத்தில் வேலை தயார், உடனே அனுப்புங்கள் என்று எழுதினார். அப்பா பிடிகொடுக்கவில்லை. "படிப்புக்குன்னு போட்டது, படிச்சுத்தான் தீக்கணும். பம்பாய் போறவளுக்கு இந்தி தெரிய வேண்டாமாட்டி?"

அடேயப்பா, என்ன அக்கறை என்று பூரித்துப்போனேன். டவுணில் இந்தி டியூஷன். சாயங்காலம் பட்டறை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து என்னைக் கொண்டுவிடுவார். முடியும்வரை வாசலிலேயே நிற்பார். திரும்பும் வழியில், "இன்னைக்கு என்ன படிச்ச?" என்பார். இந்தியில் எதையாவது சொல்வேன். ஒன்றும் புரியாமல், "அப்படிச் சொல்லு!" என்று மணியடிப்பார். ஒரு பரீட்சை தேறியதும், "அடுத்த பரீட்சைன்னு ஒண்ணு இருக்காமே?" என்றார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, பிள்ளைய வீட்டுலயே வச்சுப் பூட்டப் போறியளா?" அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் மாமா டிக்கெட் எடுத்துவிட்டார். மீதிப் பணத்தில் அம்மா வளையலும் எடுத்துவிட்டாள்.

நான் போன பிறகும் பட்டறைக்குக் கிளம்பும்போது துண்டைக் கேரியரில் மடித்துப் போட்டுக்கொண்டுதான் போவாராம். அம்மா போனில் சிரித்தபடிதான் சொன்னாள். எனக்குத்தான் பம்பாயில் சோறு இறங்கவில்லை. 'இரு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பேனே, அப்பா!

இப்போது பேட்டைக்கே திரும்பிவிட்டேன். அப்பா இல்லை. என் மகளுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் படிப்புக்கென்று போட்ட கணக்கிலும் கொஞ்சம் மிச்சம். "புது போன் வாங்கிக்கிடட்டுமாம்மா?" என்று நேற்றுக் கேட்டாள்.

"ஜெர்மன் ஏதாவது படியேன். டவுணிலயே சொல்லிக் கொடுக்காவளாம்" என்றேன்.

"ஹைதராபாத்துக்கு எதுக்கும்மா ஜெர்மன்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்சீட்டை முந்தானையால் துடைத்துவிட்டு, "ஏறுட்டி, சும்மா டவுண் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றேன்.