அஞ்சலை வீட்டுக் கிணற்று மீன்கள்

போன வாரம் ஒரு சின்னப் பெண் வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை, கையில் டார்ச்சு. "தாத்தா, கொசுப்புழு இருக்குதான்னு பாக்கணும்" என்றாள். எதிர் வீட்டுக்காரர் அவளைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். நான் விடுவேனா? கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப் போனேன். மாடித் தொட்டி, பூந்தொட்டிகளின் அடித்தட்டு, பழைய வாளி எல்லாவற்றையும் நானே திறந்து காட்டினேன். எங்கேயும் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. அவள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து, அப்படி ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரியாத ஒரு தட்டை உருவி எடுத்தாள். டார்ச்சு வெளிச்சத்தில் பத்துப் பதினைந்து புழுக்கள் வாலை ஆட்டிக்கொண்டு மேலும் கீழும் போய் வந்தன. என்னைப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டின என்றுதான் சொல்வேன்.

அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன. இப்போது அவள் பார்க்கும் அதே வேலையை ஒரு காலத்தில் பார்த்தவன் நான்.

அவள் போன பிறகு அந்தத் தட்டில் ஊற்றிக் கழுவ மண்ணெண்ணெய் தேடினேன். இந்தக் காலத்தில் எந்த வீட்டில் மண்ணெண்ணெய் இருக்கிறது? இல்லாத எண்ணெயின் வாசனை மட்டும் எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறிக்கொண்டது. இருபதாவது வயதில் என் சட்டை, தலைமுடி, சாப்பிடும் கை எல்லாவற்றிலும் இருந்த வாசனை அது. டிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலம். எவ்வளவு கூட்டமானாலும் டிராமில் என் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே இருக்கும். கொஞ்ச நாள் அதை மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராயபுரத்தில் என் சித்தப்பாவுக்கு மளிகைக் கடை. தெற்கேயிருந்து என்னை அழைத்து வந்ததே கடையில் உட்காரவைக்கத்தான். எனக்கோ கருப்பட்டி மூட்டையைப் பார்த்தாலே கொட்டாவி வரும். பத்தாவது தேறியிருந்தேன். கொசு ஒழிப்பில் தற்காலிக வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டேன். "ஏலே, கொசு புடிக்கவாலே உன்னயப் பத்தாப்பு வரைக்கும் படிக்க வச்சோம்?" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். மூன்று மாதம் பார்ப்பார்கள். அதன் பிறகு பெரிய டாக்டர் வந்து என் பகுதிக் கிணறுகளில் தண்ணீர் மொண்டு பார்ப்பார். புழு இல்லையென்றால் வேலை நிரந்தரம், இருந்தால் கருப்பட்டி மூட்டை.

சாக்கடைக்கு எண்ணெய், கிணற்றுக்கு மீன். வேலை இவ்வளவுதான். முதுகில் எண்ணெய் டின், ஒரு கையில் மூடியில் துளை போட்ட மீன் டின், தோள்பையில் கயிறு கட்டிய வாளி, வெள்ளைப் பீங்கான் கிண்ணம், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கண்ணாடி எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். வெயிலைக் கண்ணாடியில் வாங்கிக் கிணற்றுக்குள் திருப்பினால் அடித் தண்ணீர் வரை பளிச்சென்று தெரியும். காசிமேட்டுப் பக்கத் தெருக்களில் நான் கண்ணாடியும் கையுமாகத் திரிந்ததைப் பார்த்து, யாரோ கலியாண மாப்பிள்ளை என்று நினைத்தவர்களும் உண்டு.

அப்படித்தான் அஞ்சலை வீட்டுக்குள் நுழைந்தேன். ஒரே வாசல், உள்ளே பதினொரு குடித்தனம், நடுவில் ஒரு கிணறு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், ரயில்வே பட்டறைக்காரர்கள். குடிதண்ணீர் தெருக்குழாயில். குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் அந்தக் கிணறுதான். கழுவின தண்ணீரில் பாதி திரும்பக் கிணற்றுக்கே போய்ச் சேரும். கொசுவுக்கு அதைவிட நல்ல மாமியார் வீடு கிடையாது.

கிணற்றடியில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள் அஞ்சலை. முப்பத்தைந்து வயது இருக்கும். இடது காலை நீட்டி வைத்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே அது வீங்கி, தோல் தடித்துப் போயிருந்தது. யானைக்கால். அந்தப் பக்கத்தில் அது அப்போது தெருவுக்குத் தெரு உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்ப்பார்கள்.

"இன்னா நைனா, கெணத்துல மொகம் பாக்க வந்தியா?" என்றாள்.

நான் டாக்டர் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொசுதான் இந்தக் கால் வீக்கத்துக்குக் காரணம், இந்த மீன் கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயதில் தனம் என்று ஒரே பெண். அந்தப் பெண் அப்போது கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு என் மீன் டின்னை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்காலு போச்சு, அத்த உடு. இதுக்கு வராம பண்ணுவியா?"

"வரவே வராது" என்றேன். இருபது வயதில் வாயிலிருந்து இப்படியெல்லாம் சுலபமாக வந்துவிடும். அது என் கையில் இல்லாத காரியம் என்பது எனக்குப் புரியவே சில வருஷங்கள் ஆயின.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குத் தனி மரியாதை. "கொசு சார்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். போனால் ஒரு லோட்டா நீராகாரம் நிச்சயம், சில நாள் சுட்ட கருவாடும் உண்டு. அஞ்சலையின் தம்பி தேசப்பன் கட்டுமரத்தில் போகிறவன், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவன். என் மீன்களைப் பார்த்தால் மட்டும் அவனுக்குச் சிரிப்பு அடங்காது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் அவை. "இத்தினியூண்டு மீனா? இத்த மீனுன்னு சொல்றியே, எங்கப்பன் கேட்டா சிரிப்பாரு சார்" என்பான். இது முட்டை இடாது, குட்டி போடும் என்று நான் சொன்னபோது திண்டாடிப் போனான். அலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு மளிகைக் கடைப் பையன் மீனைப் பற்றிப் பாடம் நடத்தினால் வேறென்ன செய்வான்?

முதல் மாதம் கிணறு சுத்தமாக இருந்தது. கண்ணாடி போட்டால் மீன்கள் பொடிப்பொடியாக மின்னும். இரண்டாவது மாதம் ஒரு நாள் பார்த்தேன், மீனைக் காணோம். கிண்ணத்தில் மொண்டால் புழு. சரி, வாளியோடு போயிருக்கும் என்று மறுபடி விட்டேன். ஒரு வாரத்தில் அவையும் இல்லை. மூன்றாவது தடவையும் விட்டேன், அதே கதை. மற்ற கிணறுகளிலெல்லாம் மீன் குட்டியும் குஞ்சுமாகப் பெருகிக்கொண்டிருக்க, இந்தக் கிணறு மட்டும் விழுங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு சனிக்கிழமை எங்கள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: திங்கட்கிழமை பெரிய டாக்டர் வருகிறார், உன் பகுதியில் முதலில் அந்தப் பதினொரு குடித்தன வீட்டைத்தான் பார்ப்பார். நேரே அங்கே ஓடினேன். கிண்ணத்தில் புழு நெளிந்தது. கிணற்றடியில் நின்றுகொண்டு, பத்துப் பேர் காதில் விழும்படி, "யார் இந்த வீட்டில் மீனைத் திருடுகிறது?" என்று கத்திவிட்டேன்.

யாரிடம் போய் எதைச் சொன்னேன் என்று பாருங்கள். கடலிலிருந்து கூடை கூடையாக மீன் கொண்டுவந்து ஊருக்கே போடுகிறவர்களைப் பார்த்து, நகத்தளவு மீனைத் திருடினாய் என்கிறேன். அஞ்சலை சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். நான் சாப்பிட்ட கருவாடெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

"நாங்க? மீனு திருடுனோமா? கெளம்பு நைனா. இந்த வாசப்படி மிதிக்காத."

போய்விட்டேன். மறுநாள் காலை சித்தப்பா கடையில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். எப்படியும் நாளைக்கு இங்கேதான், இப்போதே பழகிக்கொள்ளலாமே என்றுதான். அப்போது தேசப்பன் வந்து கடைக்கு வெளியே நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. தலையைச் சொறிந்தான்.

"சார், தப்பு எம்மேல. வா சார், அக்கா கூட்டியாரச் சொல்லிச்சி."

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் அஞ்சலை கிணற்றில் வாளி விட்டபோது தண்ணீர் குபுக்கென்று பிளந்து பாம்புத் தலை மாதிரி ஒன்று மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டு உள்ளே போயிருக்கிறது. அவள் போட்ட கூச்சலில் வீடே ஓடிவந்தது. தேசப்பன் மட்டும் நகரவில்லை. "பாம்பு இல்லக்கா, வெராலு" என்றான். சடையங்குப்பத்தில் இருக்கும் அவன் மச்சான் வீட்டிலிருந்து ஒரு பானையில் உயிரோடு கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் கிணற்றில் விட்டிருக்கிறான். முழ நீள விரால்!

"எதுக்கய்யா விட்டாய்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

"உன்னைப் பாத்தா பாவமா இருந்திச்சி சார். இத்தினியூண்டு மீன வச்சிகினு எப்ப அம்மாம் புழுவத் துன்றது? பெருசா ஒண்ணு உட்டா சீக்கிரம் துன்னுட்டுப் போவும்னு உட்டேன்."

"பெரிய மீன் சின்ன மீனைத் தின்னாதா?"

"அது கடல்ல சார். கொளத்து மீனு பாசியத்தான் துன்னும்னு நெனச்சேன்" என்றான். எனக்குக் கோபப்படத் தெம்பில்லை. சிரிப்புதான் வந்தது. உப்புத் தண்ணீர் அறிந்தவனுக்கு நல்ல தண்ணீர் தெரியவில்லை. எனக்கு இரண்டுமே தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்தால் பதினொரு குடித்தனமும் கிணற்றைச் சுற்றி நிற்கிறது. இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாளி, குடம், தவலை எது கிடைத்ததோ அது. என்னை யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு நானும் ஒரு கயிற்றைப் பிடித்தேன். நடுப்பகலில் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்ததும் தேசப்பன் இறங்கினான். விரால் சேற்றில் புதைந்துகொண்டு அவனுக்குப் போக்குக் காட்டியது. அஞ்சலை மேலேயிருந்து, "சுறா புடிப்பேன்னு பீத்திக்குவியே, ஒரு வெராலுக்கு இன்னா பேஜாரு!" என்று தம்பியை ஓட்டியதில் நேற்றைய கோபமெல்லாம் பாதி கரைந்துபோயிற்று. கடைசியில் ஒரு பழைய புடவையைப் போட்டு அமுக்கித்தான் பிடித்தான்.

அடுத்த கவலை, கிணற்றில் விட மீன் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் தொட்டி பூட்டியிருக்கும். நான் கையைப் பிசைந்தேன். அந்த வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு சொம்பை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்துத் தெருக்களில் புகுந்தார்கள். உறைமோர் கேட்பதுபோல வீடு வீடாகப் போய், "கொசு சார் உட்ட மீனு உங்க கெணத்துல கீதா? ரெண்டு குடுங்க" என்று வாங்கி வந்தார்கள். எல்லாச் சொம்பையும் அவர்கள் கிணற்றில் கவிழ்த்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகிறேன் என்று தெரிந்தால் தேசப்பன் சும்மா விடமாட்டான்.

திங்கட்கிழமை டாக்டர் வந்தார். மூன்று தடவை மொண்டார். கிண்ணத்தில் ஒரு புழு இல்லை, மீன் மட்டும் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. நேற்று இறைத்த கிணற்றில் இன்று புழு எப்படி இருக்கும்? அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து இங்கே சொல்லிவிட்டேன். "நல்ல வேலை" என்று என் முதுகில் தட்டினார். எனக்கு வேலை நிலைத்தது.

அவர் போனதும் அஞ்சலையிடம் போய், "எனக்காக இவ்வளவு செய்தீர்கள், நான் சொன்னது தப்பு" என்றேன். அவள் பாத்திரத்திலிருந்து நிமிரவில்லை.

"உனக்கோசரமா? ஆளப் பாரு. நீ போயிட்டா வேற ஒருத்தன் வருவான், அவன் கண்ணாடி எடுத்துகினு தெனம் வருவானா? எம்பொண்ணுக்கு வராதுன்னு நீதான சொன்ன? இருந்து செஞ்சிட்டுப் போ."

இருந்து செய்தேன், முப்பத்தைந்து வருஷம்.

இப்போது அந்த வீடு இல்லை. அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. கிணற்றை எப்போது தூர்த்தார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. டிராம் போயிற்று, கட்டுமரம் போயிற்று, உறைமோர் மாதிரி மீன் கேட்டு வாங்கிய தெருக்களில் இப்போது பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிவதில்லை. இதற்கெல்லாம் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் காசிமேட்டு மார்க்கெட்டில் ஒரு பெண் தலையில் மீன் கூடையோடு வேகு வேகென்று என்னைத் தாண்டிப் போனாள். நின்று திரும்பி, "கொசு சார்தான?" என்றாள். தனம். நாற்பதைத் தாண்டியிருந்தாள். பன்னிரண்டு வயது மகள் கூட வந்தாள். அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது என்று சொன்னாள். என் பார்வை எங்கே போகிறது என்று கண்டுகொண்டு சிரித்தாள்.

"பாரு சார், நல்லா பாரு. ரெண்டு காலும் ஒரே மாதிரிதான் கீது. அம்மா மட்டும் கடைசி வரைக்கும் நம்பல. தெனம் சாயங்காலம் என் காலைக் கட்டை வெரலால அமுக்கிப் பாக்கும், குழி வுழுதான்னு. வீக்கம் வந்தா அப்பிடித்தான் வுழுமாம். எனக்குக் கொழந்த பொறந்த அப்பாலயும் உடல."

கேட்டுக்கொண்டிருந்த மகள் தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

"காலை எதுக்கும்மா அமுக்கிப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

தனம் என்னைப் பார்த்தாள். நான் தனத்தைப் பார்த்தேன். யானைக்கால் என்றால் என்னவென்றே தெரியாத குழந்தை, தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.