சினை ஊசிக்காரனுக்குப் போட்ட ஊசி

மாட்டுக்குச் சினை ஊசி போடுவது என் தொழில். கச்சிராயபாளையத்தைச் சுற்றி எந்தக் கொட்டகையில் மாடு சினைக்குக் கத்தினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். பைக்கின் பின்னால் நைட்ரஜன் கேன், அதற்குள் உறைந்து கிடக்கும் காளை விந்துக் குச்சிகள், தோள் வரை ஏறும் பிளாஸ்டிக் கையுறை. இவ்வளவுதான் என் ஆஸ்பத்திரி. ஜனங்கள் டாக்டர் என்பார்கள். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்று யாராவது வந்து நின்றால் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கும். “மாட்டுல கோளாறு.” என் கையில் கோளாறு இருக்கும் என்று நான் யோசித்ததே கிடையாது. அவ்வளவு திமிர்.

இப்பேர்ப்பட்ட டாக்டருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை.

ஊரும் என்னைப் போலவேதான் யோசித்தது. என் மனைவியை வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் பின்வரிசையில் உட்காரவைப்பார்கள், நலங்கு வைக்க விடமாட்டார்கள். அவள் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கி எல்லாச் சோதனையும் செய்துகொண்டாள். கடைசியாகப் பார்த்த சேலத்து டாக்டரம்மாதான், “உங்க வீட்டுக்காரரையும் வரச் சொல்லுங்க” என்றார். நான் எரிந்து விழுந்தேன். பிறகு போனேன். என் ரிப்போர்ட்டில் பெரிய பூஜ்யம். ஒரு அணுகூட இல்லை. மறுமுறை கொடுத்துப் பார்த்தேன், அதுவும் பூஜ்யம். பள்ளிக்கூட நாளில் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். வந்ததுதான், இரண்டு பக்கமும். அது விரையையும் கெடுத்துவிடுமாம்.

“வெளியே வரலைங்கிறதால உள்ளே இல்லைன்னு அர்த்தம் இல்ல. விரையில ஊசி வச்சு உறிஞ்சிப் பாப்போம். நாலஞ்சு கிடைச்சாலே போதும், ஒவ்வொண்ணா எடுத்து உங்க மனைவியோட கருமுட்டைக்குள்ள வச்சிடலாம். ஆனா தேடிப் பாத்தாத்தான் தெரியும்” என்றார். கிடைக்காவிட்டால் வேறொருவருடைய விந்தைப் பயன்படுத்தலாம், அதற்குச் சம்மதமென்றால் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு காகிதத்தையும் நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். வேறொருத்தனுடையதா, என்னை என்னவென்று நினைத்தார்கள் என்று குதித்தேன். என் மனைவி உளுந்து புடைத்துக்கொண்டே சொன்னாள்: “தினம் நாலு மாட்டுக்கு எந்த ஊருக் காளையோடதோ போட்டுக்கினு வர்றீங்க. அப்பல்லாம் இந்தக் கோவத்த எங்க வச்சிருந்தீங்க?”

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. “உங்களுது கெடச்சா பாக்கலாம். இல்லன்னா வுட்டுடலாம். என் ஒடம்பும் இதுக்கு மேல ஊசி தாங்காது” என்றாள். ஆக, ஒரே ஒரு நாள்தான் எங்களுக்கு. அன்றைக்கு என்னிடம் ஏதாவது கிடைத்தால் உண்டு.

அந்த நாளைத் தள்ளிப்போடவும் முடியாது. கருமுட்டை முதிர அவளுக்குக் கடைசி ஊசி போட்டு முப்பத்தாறு மணி நேரத்தில் அதை எடுத்தாக வேண்டும். காலை பதினோரு மணி என்று குறித்திருந்தார்கள். அவளுக்கு எடுக்கும் நேரத்தில் எனக்கும். இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு வர வேண்டும். சரியாக அன்றைக்குத்தான் சாலை மறியல்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடு பிடித்திருந்த நேரம் அது. எல்லோருடைய மூக்குக்குக் கீழும் மாஸ்க் தொங்கிய காலமும்கூட. இரண்டு கூட்டத்தில் நானே தொண்டை கிழியக் கோஷம் போட்டவன், அதனால் யாரையும் திட்டவும் வழியில்லை. பஸ் ஓடவில்லை. பைக்கை எடுத்தேன். மனைவி உள்ளே போய் நைட்ரஜன் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “இத மாட்டுங்க. மாட்டுக்குப் போறோம்னா எவன் நிறுத்துவான்?”

சின்னசேலம் போகும் வழியில் நிறுத்தினார்கள். ரோட்டின் குறுக்கே கட்டைவண்டி, அதைச் சுற்றி நாற்பது பேர். பாதிப் பேரின் மாடுகளை எனக்குத் தெரியும்.

“டாக்டரு எங்க கெளம்பிட்டாரு?”

“மாட்டுக்குத்தான். சின்னசேலம் தாண்டி.”

“மாட்டுக்குப் போறதுக்கு வூட்டுக்காரம்மா எதுக்கு, பட்டுப்பொடவ கட்டிக்கினு?”

பின்னாலிருந்து அவள் சொன்னாள்: “வால் பிடிக்க ஆள் வேணாமா?”

கூட்டமே சிரித்தது. வண்டியை நகர்த்தி வழிவிட்டார்கள். அத்தோடு தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்த ஊர்க்காரர் ஒருவர், எனக்கு மாமா முறை, ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

“நல்ல நேரத்துல வந்தீங்க மாப்ள. எங்க மாடு விடியலேர்ந்து கத்திக்கினு கெடக்குது. மொதல்ல அதுக்குப் போட்டுட்டுப் போங்க. ஏற்கெனவே நீங்க போட்ட ரெண்டு தபாவும் நிக்கல.”

“திரும்பி வர்றப்ப போடறேன் மாமா.”

“அதுக்குள்ள பருவம் போய்டும்னு நீங்கதான சொல்லுவீங்க?”

சொல்லுவேன்தான். நான் சொல்லிச் சொல்லி இப்போது ஊரே அதைச் சொல்லும். மாட்டிக்கொண்டேன்.

அவர் வீட்டில் வெந்நீர் கேட்டேன். குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் முழுசாக அரை நிமிஷம் வைத்து உருக்கிவிட்டுத்தான் போட வேண்டும். மாமாவின் சம்சாரம் அப்போதுதான் அடுப்பையே பற்றவைத்தார். மணி ஏழரை தாண்டியிருந்தது. என் மனைவி ஊசிகளால் வீங்கிய அடிவயிற்றைப் பிடித்தபடி புளியமரத்தடியில் நின்றிருந்தாள், முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. குச்சியை மாட்டுத்தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்துப் போட்டுவிட்டுக் கையுறையை உருவினேன். அந்த அம்மா இரண்டு டம்ளர் காபியோடு வந்தார்.

“விரதம்” என்றாள் என் மனைவி.

“ரெண்டு பேருக்குமா?”

“அவருக்குத்தான் ரொம்ப முக்கியமான விரதம்” என்றாள். அந்த வலியிலும் அவள் வாய்க்குக் குறைச்சலில்லை.

மாமா தன் மொபெட்டில் முன்னால் போய்க் கரும்புக் கொல்லை வழியாகவே எங்களைச் சேலம் ரோட்டில் ஏற்றிவிட்டார். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம்.

அவளை ஓர் அறைக்கும் என்னைப் பக்கத்து அறைக்கும் கொண்டுபோனார்கள். எனக்கு மரத்துப்போக மட்டும்தான் ஊசி, நினைவு இருந்தது. நானும் எத்தனையோ ஜீவன்களை அசையாமல் நில்லு என்று அதட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. டாக்டரம்மா உறிஞ்சி எடுத்ததைச் சின்ன ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். அங்கே மைக்ராஸ்கோப்பில் ஒரு பெண் தேடினாள்.

“இல்ல மேடம்.”

மறுபடி குத்தினார்.

“இதுலயும் இல்ல.”

ஒன்பது வருஷம் அவள் பின்வரிசையில் உட்கார்ந்ததெல்லாம் என்னால்தானே என்று முதல் தடவையாக முழுசாக உறைத்தது. இனியும் அவள் அங்கேயே உட்கார வேண்டியதுதானா என்று நினைத்ததும் அழுகை வந்தது. வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டார். ஆமாம் என்றேன்.

டாக்டரம்மா மறுபக்கம் குத்தினார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடித் தட்டை மாற்றி மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

“மேடம், ஒண்ணு இருக்கு. ஓடுது. இருங்க, இன்னும் மூணு. அஞ்சு.”

நான் மாட்டுக்குப் போடும் ஒரு குச்சியில் கோடிக்கணக்கில் இருக்கும். ஐந்துக்கு ஒரு பெண் அவ்வளவு சந்தோஷப்பட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். கடைசியில் ஏழு கிடைத்தது. பக்கத்து அறையில் மயக்கம் தெளிந்த மனைவியிடம் போய் ஏழு விரலைக் காட்டினேன். “போதும், போதும். ஏழும் பொறந்தா யார் வளக்கறது?” என்று முனகினாள்.

ஐந்தாம் நாள் கருவை உள்ளே வைத்தார்கள். அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்து, நின்றிருக்கிறது என்றார்கள். வீட்டில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தோம். மூன்றாம் நாள் காலை வாசலில் மொபெட் சத்தம். மாமா.

“மாடு மறுபடி கத்துது மாப்ள. மூணு தபா ஆச்சி. நீங்க சொன்னது சரிதான், மாட்டுலதான் கோளாறு. மலட்டு மாட்டுக்கு எதுக்குத் தீனி? சந்தைக்கு ஓட்டிடலாம்னு இருக்கேன். ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு வந்தேன்.”

என் மனைவி கட்டிலில் படுத்திருந்தவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் போய்விடுவார்.

“மாட்டுல ஒண்ணுமில்ல மாமா” என்றேன். “அன்னிக்கு வெந்நி காயறதுக்கு முன்னாடியே தொட்டித் தண்ணியில நனைச்சிப் போட்டேன். தப்பு என்னுது. மிந்தி ரெண்டு தபாவும் என்ன அவசரத்துல போட்டேனோ, தெரியாது.”

“அப்படி இன்னா மாப்ள அவசரம்?”

“சேலத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு. ஊசி எனக்குத்தான். இத்தினி வருஷம் கொறை என்கிட்டதான் இருந்துச்சி. அவகிட்ட ஒண்ணுமே இல்ல.”

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“அட, இத ரோட்டுலயே சொல்லியிருந்தா மாட்டையா காட்டியிருப்பேன்? நானே முன்னாடி நின்னு வண்டி புடிச்சி அனுப்பியிருப்பேனே” என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “இப்ப இன்னா, நல்ல சேதிதானா?” என்றார்.

தலையாட்டினேன். கையுறையை எடுக்க உள்ளே போனேன். அவள் எழுந்து உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “இருங்க, நானும் வரேன். வால் பிடிக்க ஆள் வேணாமா?” என்றாள்.

“நீ குந்தும்மா” என்றார் மாமா, வாசலில் நின்றபடியே. “வால நான் பிடிச்சிக்கறேன். வெந்நி வைக்கச் சொல்லி வூட்டுக்கு இப்பவே போன் போட்டுடறேன்.”