சொட்டு அக்காவின் மடிப்புகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் சொட்டு அக்கா. பாக்டீரியாக்களை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குத் தயார் செய்வது அவள் வேலை. உயிரோடு இருக்கும் எதையும் அந்த இயந்திரத்துக்குள் வைக்க முடியாது. முதலில் ரசாயன மருந்து ஊற்றிக் கொல்ல வேண்டும்; கொன்றாலும் உருவம் குலையாமல் இறுக வைக்க வேண்டும். பிறகு பிசினில் பதித்து, மெல்லிய சீவல்களாக அறுத்துப் படம் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் மருந்தை மடக்கென்று கவிழ்த்துவிட்டுத் தேநீர் குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அவள் மட்டும் நீர்த்த மருந்தில் தொடங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடுவாள்.

“பச்சப் புள்ளைக்குத் தண்ணி ஊத்துற மாதிரி ஊத்தணும். திடுதிப்புன்னு ஊத்தினா செல்லு பயந்துரும்” என்பாள்.

அந்த மருந்தின் ஆவி லேசுப்பட்டதல்ல. வருஷக் கணக்கில் அவள் கண்ணை எரித்து, மூக்கையும் அவித்துவிட்டது. அடுப்பில் சட்டி தீய்ந்தாலும் அவளுக்குத் தெரியாது. பஸ் ஓட்டும் கணவர்தான் கூடத்திலிருந்து கத்துவார்: “உன் ஆராய்ச்சி கருகுது, போய்ப் பாரு!” அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போவாள். சிரிக்கக் காரணம் இருந்தது. அவள் தயார் செய்த செல்களில்தான் அந்த மடிப்புகள் அத்தனை அழகாகத் தெரிந்தன. செல்லின் உட்சவ்வு ஓரிடத்தில் உள்ளே சுருண்டு, சேலைக் கொசுவம் போல மடிந்து கிடக்கும். அது செல்லின் ஓர் உறுப்பு என்றார் பேராசிரியர். அவள் எடுத்த படத்தைப் பெரிதாக்கி தாழ்வாரச் சுவரில் மாட்டினார்கள். தலைகால் புரியவில்லை அவளுக்கு.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மாணவி வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரிதான், ஆனால் துறுதுறு கை. மருந்தை முழு வீரியத்தோடு ஒரே வீச்சில் ஊற்றுவாள். அவள் படங்களில் மடிப்பைத் தேடத்தான் வேண்டியிருந்தது. பல செல்களில் அறவே இல்லை.

“அக்கா, ஒருவேளை மடிப்பே இல்லையோ? நாம ஊத்துற மருந்துதான் அதை உண்டாக்குதோ?” என்று ஒருநாள் கேட்டாள்.

எல்லோரும் பார்க்க, சொட்டு அக்கா கையைத் தட்டிச் சிரித்தாள். “அவசரக்குடுக்கை! ஆடத் தெரியலன்னா கூடத்தைக் குறை சொல்லாதே. உனக்குக் கை சரியில்ல.”

அவசரக்குடுக்கை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மாணவியின் ஆராய்ச்சியைத் தொடர விடலாமா என்று முடிவு செய்ய ஆய்வுக் குழு கூடியபோது பேராசிரியர் சொட்டு அக்காவையும் கூப்பிட்டுக் கேட்டார். அவள் மனதில் பட்டதைத்தான் சொன்னாள். “பொண்ணு நல்ல பொண்ணு சார். ஆனா இந்த வேலைக்கு அந்தக் கை உதவாது.” அதோடு மாணவியின் ஆராய்ச்சிப் பட்டமும் போயிற்று, உதவித்தொகையும் போயிற்று. அந்தப் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனபோது வழியனுப்பக்கூட யாரும் வரவில்லை. நல்ல கை என்று பேரெடுத்தவர்களை யாரும் சரிபார்ப்பதில்லை; அந்த ஆய்வுக்கூடத்தைப் பிடித்த பீடையே அதுதான்.

சொட்டு அக்கா ஓய்வு பெறும் காலத்தில் புது இயந்திரம் ஒன்று வந்தது. மருந்தே வேண்டாம்; கண் இமைப்பதற்குள் செல்லைக் கடுங்குளிரில் உறைய வைத்துவிடும். அவள் ஆசை ஆசையாகத் தன் பாக்டீரியாவை அதில் வைத்தாள். படத்தில் சவ்வு வழுவழுவென்று இருந்தது. மடிப்பைக் காணோம். இயந்திரத்தைத் திட்டினாள். மறுபடி வைத்தாள். மறுபடியும் இல்லை.

பழையபடி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நடுநடுவே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உறைய வைத்துப் பார்த்தாள். தொடக்கத்தில் எடுத்ததில் மடிப்பு இல்லை. நேரம் ஆக ஆக, ஒன்று, இரண்டு என்று முளைத்தன. அவள் பொறுமையாக ஊற்றிய நேரமெல்லாம் செல் சாக முடியாமல் செத்துக்கொண்டிருந்தது. அந்த அவஸ்தையில்தான் சவ்வு சுருண்டது. மடக்கென்று கவிழ்த்தவளின் செல்கள் சுருள நேரமில்லாமல் இறுகிப்போயின. அவசரக்குடுக்கை சொன்னதுதான் சரி.

பேராசிரியர் படங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க ஓய்வு பெறப் போறீங்க, நானும் போகப் போறேன். இதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?”

அவளால் அப்படி விட முடியவில்லை. விசாரித்து, அந்தப் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனாள். மாடியில் ஒண்டுக் குடித்தனம். தொலைபேசியில் வாடிக்கையாளர் புகார் கேட்கும் வேலையாம். தலையில் நரை விழுந்திருந்தது. “வாங்கக்கா” என்று நாற்காலி போட்டாள். உள்ளறையில் குழந்தை இருமியது. கணவர் ஒரு கரண்டியில் மருந்தை அளந்துகொண்டிருந்தார்.

சொட்டு அக்கா சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். “உன் கை நல்ல கைம்மா. என் கைதான்…” என்றாள்.

அந்தப் பெண் தன் விரல்களைப் பார்த்தாள்.

“எம் புள்ளைக்கு ஒரு வேளை மருந்துகூட நான் ஊத்தினதில்லக்கா. அவர் வர்ற வரைக்கும் காத்திருப்பேன். காய்ச்சல் அடிச்சாலும் சரி. கை சரியில்லன்னு நீங்க சொன்னதை அப்படியே நம்பிட்டேன்.”

“என்னைத் திட்டும்மா. நாலு வார்த்தை திட்டிடு.”

“எப்படித் திட்டுறது? நீங்க பொய்யா சொன்னீங்க? தெரிஞ்சதைத்தானே சொன்னீங்க. நான் லாயக்கில்லன்னு நினைச்சு எப்படியோ மனசைத் தேத்திக்கிட்டேன். தூக்கமாவது வந்துச்சு. இப்ப அதையும் எடுத்துட்டுப் போறீங்களே அக்கா.”