ஏழாம் வகுப்பு அறையில் இரண்டு பேர்

விஜயராணி குடிக்கிறாள் என்பது மும்பை தாராவியில் அவள் இருந்த சால் குடியிருப்பில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆம்பிளை குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடந்தால் அது ஒரு சங்கதியே இல்லை. பொம்பிளை குடித்தால்? சால் முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும். ஏலக்காயை மென்றுகொண்டு, யாரிடமும் ஒரு கை தூரம் தள்ளி நின்றுதான் பேசுவாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வலியில் தூக்கம் வராமல், புருஷன் நாகராஜ் வைத்திருந்த பாட்டிலில் ஒரு மூடி குடித்தாள். அவன் அம்பர்நாத் பேக்டரியிலேயே தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவன். மூடி கிளாஸ் ஆனது. பிறகு தன்னை அடையாளம் தெரியாத கடையாகப் பார்த்து அவளே வாங்கி, தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தையல் வேலைக்கும் கொண்டுபோனாள்.

ஒரு மத்தியானம் மகள் ஷாலினி காலேஜிலிருந்து வந்தபோது வீடு முழுக்க கேஸ் நாற்றம். பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. பக்கத்திலேயே அம்மா நினைவில்லாமல் கிடந்தாள். ஷாலினி கதவைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, அவளை வெளியே இழுத்துப்போட்டாள். சாயங்காலம் குடியை விட்டவர்கள் நடத்தும் சங்கத்தின் போன் நம்பரை நீட்டினாள்.

"இவுகள்ட்ட பேசும்மா. இல்லைன்னா நான் ஹாஸ்டலுக்குப் போயிருதேன். வீட்டுக்கு வரவே எனக்குப் பயமா இருக்கு."

விஜயராணி இரண்டு தடவை போட்டுவிட்டு கட் செய்தாள். மூன்றாவது தடவை அந்தச் சங்கத்தைச் சேர்ந்த செம்பூர்க்காரி நஜ்முன்னிசா பேசினாள். அவளும் ஒரு காலத்தில் குடித்தவள்தான்.

"பேர் சொல்ல வேணாம். நிறுத்தணும்னு தோணுதா? அது போதும். கை நடுங்குதா? அப்போ முதல்ல டாக்டர். டக்குனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து."

டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஷாலினி ஐந்து நாள் லீவு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம், குடியை விட்டவர்கள் கூடும் மாட்டுங்கா பள்ளிக்கூடத்துக்கு விஜயராணி போனாள். கேட்டைத் தாண்டி மூன்று தடவை நடந்தாள். எதிரே வந்தவர்கள் எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. வாசலில் நின்ற நஜ்முன்னிசா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

ஏழாம் வகுப்பு அறை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைகள். முன்பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"என் பேரு பிரம்மநாயகம். நான் ஒரு குடிநோயாளி."

திரும்பியவர் விஜயராணியைப் பார்த்தார். பேச்சு அங்கேயே நின்றது. அவள் சாலின் கோயில் கமிட்டித் தலைவர் அவர். போன வருஷக் கொடைத் திருவிழாவில் குடித்துவிட்டு வந்த ஒருவனைப் பந்தலை விட்டு இழுத்துப்போகச் சொன்னவர்.

அவள் எழுந்து ஓடிவந்துவிட்டாள். நாளைக்குக் குழாயடியில் எல்லாருக்கும் தெரியும், ஞாயிற்றுக்கிழமை நாகராஜுக்குத் தெரியும், ஷாலினிக்கு எவன் மாப்பிள்ளை வருவான்? வாசலில் யாராவது குரல் கொடுத்தால் கதவைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கால்கள் பாட்டில் வாங்கும் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டன. அங்கே நின்றபடியே நஜ்முன்னிசாவுக்குப் போன் போட்டு அழுதாள். ஆனால் சாலில் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. தெருவில் எதிர்ப்பட்ட பிரம்மநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்துக்குள் போனார்.

அடுத்த வியாழன் பயந்துகொண்டே போனாள். அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

"நாலு வருஷமா ஒரு வாரம் விட்டதில்லை அவர். போனும் எடுக்கலை," என்றாள் நஜ்முன்னிசா.

அப்போதுதான் விஜயராணிக்கு உறைத்தது. அவர் தன்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார். அந்த மனுஷர் மறுபடி குடித்தால் அது தன்னால்தான். இது புதுப் பயம், பழையதைவிடப் பெரியது.

சனிக்கிழமை மத்தியானம் அவருடைய ஹார்டுவேர் கடைக்குப் போனாள். அவர் முகம் வெளிறியது.

"அண்ணாச்சி, ரெண்டு வாரமா உங்க எடம் சும்மா கெடக்கு."

"யார்ட்டயும் சொன்னியா?"

"நீங்க சொல்லிருப்பீயன்னு நான்லா செத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "குடிச்சிட்டீயளா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இன்னும் இல்ல. வாங்கி வச்சிருக்கேன். இந்த மேஜைக்கு அடியிலதான்."

விஜயராணி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். நாக்கில் எச்சில் ஊறியதை அவளே உணர்ந்தாள். "அதை எங்கண்ணுல காட்டிராதீய அண்ணாச்சி. நான் தொட்டேன்னா அப்புறம் குடிக்காம விடமாட்டேன்."

அவளே நஜ்முன்னிசாவைக் கூப்பிட்டாள். அவள் செம்பூரிலிருந்து வந்துசேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை இரண்டு பேரும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, ஆணிகளைச் சைஸ் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து அவர் மனைவி யாரென்று கேட்டபோது, "ஆணி வாங்க வந்திருக்காவ," என்றார். நஜ்முன்னிசா வந்து பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

எட்டு மாதம் ஆகிறது. இருவரும் குடிக்கவில்லை. வியாழக்கிழமைகளில் தனித்தனி பஸ்ஸில் போகிறார்கள், தனித்தனி மூலையில் உட்காருகிறார்கள். நாகராஜிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. என்றைக்குத் தெரியவரும் என்ற பயம் அப்படியே இருக்கிறது.

போன வாரம் முதல்முறையாக எழுந்து நின்றாள். "என் பேரு விஜயராணி," என்பது வரைக்கும்தான் வந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.