தீனதயாளனும் கடலுக்குப் போன கைபேசியும்

கூடுவாஞ்சேரி தீனதயாளனைப் பற்றி வரலாறு இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்கு வேறு வேலை இருந்திருக்கும். அவருடைய வேலை, உள்ளே போக முடியாதவர்களை உள்ளே அனுப்புவது. கோயிலில் அல்ல, கணினியில்.

அவருடைய நிறுவனம் ஊழியர்களுக்கு மேசை நாற்காலி தருவதில்லை. எங்கோ இருக்கும் பெரிய கணினிக்குள் ஆளுக்கொரு மேசை போட்டுவைத்து, வீட்டிலிருந்தே இணையம் வழியாக அதில் வந்து உட்காரச் சொல்கிறது. பாஸ்வேர்டு போட வேண்டும். பிறகு, எப்போதாவது ஒருநாள், கைபேசியில் ‘நுழைவது நீங்கள்தானா?’ என்று ஒரு கேள்வி வரும். ‘ஆம்’ என்று அமுக்க வேண்டும். இதில் எங்கே சிக்கினாலும் ஜி.எஸ்.டி. ரோட்டு அலுவலகத்தில் தீனதயாளனின் போன் அடிக்கும். கதவை அவரே வேண்டுமென்று சாத்திவைத்தது போல எல்லோரும் கத்துவார்கள். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. இருக்கிற பேச்சையெல்லாம் அங்கேயே செலவழித்துவிடுவதால், வீட்டில் மனைவி கண்ணகி எதைப் போட்டாலும் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிடுவார்.

அன்று காலை அழைத்தவள் கடப்பாக்கத்துப் பிரியங்கா. மாமியார் ஜெகதாம்பாளின் பட்டன் போனிலிருந்து பேசினாள். ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்து ஒரு மாதம். சோதனைக் காலத்தின் கடைசி நாள். பத்து மணிக்கு மேலதிகாரிகளிடம் வேலையைக் காட்டினால் நிரந்தரம்; காட்டாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறாள் என்பது வேறு விஷயம்.

“பாஸ்வேர்டு சரியாத்தான் கீது சார். போட்டா, அனுமதி மறுக்கப்பட்டதுன்னு வருது. எவன் சார் மறுக்கிறான்?”

தீனதயாளன் பதிவைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் கேள்வி ஒழுங்காகப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ‘இல்லை’ என்று அமுக்கியிருக்கிறார்கள். இன்னொரு ‘இல்லை’ விழுந்தால் கணக்கே பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க, வெளிநாட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு அதிகாரி எழுந்தாக வேண்டும்.

“உங்க செல்போன் எங்கேம்மா?”

“கடல்ல கீது சார்.”

அவர் அனுதாபம் சொல்ல ஆரம்பித்தார். விழுந்துவிடவில்லை என்று அவள் விளக்கினாள். வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். காற்று எப்படி, வலை போட்ட இடம் எது என்று பார்ப்பதற்காகப் புருஷன் லோகு அதைப் படகில் எடுத்துப் போவான். அவள் வேலைக்கு உட்காரும் முன் திரும்பிவிடுவான். இன்று மீன் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. முதல் நாள் கேட்ட கேள்வியை மாதம் முடிந்ததும் மறுபடி கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. போனில் யார் எதைக் கேட்டாலும் ‘இல்லை’யை அமுக்கு, ஊரெல்லாம் மோசடி என்று லோகுவுக்குப் பாடம் நடத்தியவளும் அவளேதான். லோகு சொன்ன பேச்சைக் கேட்கிற புருஷன். தவிர, நுழைவது நீங்களா என்று கேட்டால் அவன் எங்கே நுழைகிறான்? வலை இழுத்துக்கொண்டிருக்கிறான்.

அவளை இணைப்பில் வைத்துக்கொண்டே தீனதயாளன் கடலுக்குப் போன் போட்டார். கரை தெரிகிற தூரம்தான், சிக்னல் இருந்தது. தன் பெயர், நிறுவனம், காரியத்தின் அவசரம் எல்லாவற்றையும் சொல்லி, அடுத்து வரும் கேள்விக்கு ‘ஆம்’ அமுக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உலகத்து மோசடிக்காரர்கள் அத்தனை பேரும் இதே வரிசையில்தான் பேசுவார்கள் என்று அவருக்கே உறைத்தது.

“காலங்காத்தால வேற ஆளு கெடைக்கலியா அண்ணாத்த?” என்றான் லோகு, எஞ்சின் சத்தத்துக்கு மேலே. “நல்ல பொழப்பா பாரு நைனா.”

பிரியங்கா நடுவில் புகுந்தாள். “யோவ், நான்தான்யா. ஆமான்னு அமுத்து.”

லோகு அசைந்துகொடுக்கவில்லை. குரலைக்கூட இப்போது மிஷினில் செய்துவிடுகிறார்கள் என்றும் அவள் சொல்லிவைத்திருந்தாள்.

“பிரியங்கான்னா சொல்லு. நேத்து நைட்டு கொழம்புல இன்னா கோளாறு?”

நிறுவனத்தின் பாதுகாப்பு வல்லுநர்கள் பல மாதம் கூடிப் பேசியும் இப்படியொரு கேள்வி அவர்களுக்குத் தோன்றியதில்லை. தீனதயாளன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாகப் போகிறது.

“உப்பு போடல,” என்றாள் பிரியங்கா. குரல் இறங்கியது. “நீ ஒண்ணும் சொல்லாம துன்னுட்டுப் போய்ட்ட. அப்பால நான் துன்றப்பதான் தெரிஞ்சிச்சி. ஆபீஸ் நெனப்புல பேஜாராகீறாளேன்னுதான சொல்லல?”

“இவ அவளேதான் அண்ணாத்த,” என்று லோகு சாட்சி சொன்னான். “அனுப்பு, அமுத்தறேன்.”

பிரியங்கா பத்துக்கு முன்னால் மேசையில் உட்கார்ந்தாள். மத்தியானம், கரை சேர்ந்துவிட்ட அதே போனிலிருந்து கூப்பிட்டு, வேலை நிரந்தரம் என்றாள். நாளை முதல் லோகு பட்டன் போனோடு கடலுக்குப் போவானாம். காற்று நிலவரத்தை அவள் பார்த்துச் சொல்வாளாம்.

தீனதயாளன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். வெண்டைக்காய்ப் பொரியல். ஒரு வாய் வைத்தவர், லோகு சொல்லாமல் விட்டதற்கும் தான் சொல்லாமல் விட்டதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்ச நேரம் மென்றார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டார்.

“கண்ணகி, இன்னிக்கு வெண்டைக்கா ரொம்ப நல்லா இருக்கும்மா.”



“யாருங்க பேசறது?” என்றாள் கண்ணகி, உஷாராக. “இது எங்க வூட்டுக்காரர் நம்பராச்சே.”