பொன்னிக்குக் கிடைத்த தரம்

ஏற்காட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் நான் அசிஸ்டென்ட். எங்கள் வேலைகளை மதிப்பிட்டுச் சம்பளத் தரம் நிர்ணயிக்கச் சேலத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வேலை எவ்வளவு முக்கியமோ, தரமும் அவ்வளவு உயரும் என்றார்கள்.

"நீங்க ஒரு வாரம் வரலைன்னா இங்க எந்த வேலை நின்னுபோகும்?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

எல்லாமே நின்றுவிடும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மழைக்குச் சாலையில் மரம் விழுந்தால் எங்கள் ஊரான கொட்டச்சேட்டிலிருந்து பஸ் வராது. அந்த நாட்களுக்காகவே, கல்லூரிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் அட்டெண்டர் பொன்னிக்கு என் வேலை முழுவதையும் பழக்கியிருந்தேன்.

"ஒண்ணும் நிக்காதுங்க. பொன்னி பாத்துக்குமுங்க," என்றேன். பக்கத்தில் இருந்த நூலகர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அதிகாரி பொன்னியிடம் ஒரு புதுப் புத்தகத்தைக் கொடுத்தார். அவள் பொருளடக்கத்தைப் பார்த்து, பிரிவு எண் போட்டு, கணினியில் ஏற்றி, உரிய அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

"இது அட்டெண்டர் வேலை இல்லையேம்மா. யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"அக்காதானுங்க."

ஆணை வந்தபோது பொன்னி அசிஸ்டென்ட் தரத்துக்கு உயர்ந்திருந்தாள். என் தரம் நகரவில்லை. "ஏனுங்க, உங்க வாயாலயே கெடுத்துக்கிட்டீங்களே," என்றார் நூலகர். எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த மழையில் மறுபடியும் மரம் விழுந்தது. வர முடியாது என்று சொல்ல நூலகத்துக்குப் போன் செய்தேன்.

"வணக்கமுங்க, லைப்ரரி அசிஸ்டென்ட் பொன்னி பேசறனுங்க."

எதற்குக் கூப்பிட்டேன் என்பதே மறந்துபோனது. "சரியாக் கேக்கல கண்ணு, யாரு பேசறது?" என்றேன், அவள் அதை இன்னொரு முறை சொல்ல வேண்டும் என்பதற்காகவே.