மெட்டிக்காகப் போட்ட ஊசி

புவனகிரி கடைத்தெருவில் தையல் மெஷின் மிதித்தே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள் தில்லையம்மாள். இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. 2006 மழைக்காலத்தில் கால்கள் வீங்கின. மெட்டி சதைக்குள் புதைந்து விரல் கறுத்தது.

"ஆசாரிகிட்ட போயி அறுத்துட்டு வந்துரலாம்," என்றார் புருஷன் வைத்திலிங்கம்.

"நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப மெட்டிய அறுக்கறதா? வாயக் கழுவுங்க மாமா."

வீக்கம் வற்றினால் மெட்டி தானாகக் கழலும். பெரிதாக வேறொன்று செய்து அவர் கையால் போட்டுக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. அரசு ஆஸ்பத்திரி மாத்திரைக்கு அந்த அவசரம் புரியவில்லை. ஓய்வுபெற்ற டாக்டர் ராமாமிர்தத்திடம் போனாள். வீட்டிலேயே பார்ப்பார். நீர் இறக்கும் ஊசிக்குப் பேர் போனவர்.

முதல் ஊசியில் நீர் கொட்டியது. மெட்டி லேசாகச் சுழன்றது. தெருவுக்கே காலைக் காட்டினாள்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு வாயெல்லாம் செம்புக்காசை நக்கியதுபோல இருந்தது. ஈறு வீங்கி ரத்தம் வந்தது. எச்சிலில் தலையணை நனைந்தது.

"ஒடம்புச் சூடு. மோர் குடி," என்று சொல்லி ராமாமிர்தம் நான்காவதைப் போட்டார்.

சிறுநீர் நின்றுபோனது. முகமும் வீங்கியது. ஊசி பத்தவில்லை என்றுதான் அவள் நினைத்தாள்.

வைத்திலிங்கம் அவளைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சட்டைப்பையில் ராமாமிர்தம் போட்ட ஊசியின் காலி மருந்துக்குப்பி இருந்தது. அங்கிருந்த டாக்டர் அனுப்பிரியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது பாதரசம் கலந்தது ஐயா. தண்ணிய எறக்கும், கிட்னியையும் அரிச்சிடும். நல்ல மாத்திரைங்க வந்ததும் ஒலகமே இத விட்டுருச்சு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே."

உலகம் விட்டது ராமாமிர்தத்துக்குத் தெரியாதா? தெரியும். வாங்கி அடுக்கிய பழைய மருந்துப் பெட்டியைக் குப்பையில் கொட்ட மனமில்லை. மறுநாளே வீக்கம் வற்றியவர்கள் வந்து கும்பிடுவதை இழக்க மனமில்லை. சொந்த மனைவிக்குக் கால் வீங்கியபோது கார் வைத்துக் கடலூருக்குக் கூட்டிப்போனவர் அவர். அந்தக் காலுக்கு இந்த ஊசி இல்லை.

டயாலிசிஸில் உயிர் தங்கியது. விரல் அழுகுமுன் மெட்டியை எடுக்கச் சொன்னார்கள்.

"நீங்களே அறுங்க மாமா," என்றாள் தில்லையம்மாள். வைத்திலிங்கம் நர்ஸிடம் கத்தரியை வாங்கி அறுத்தார்.

ஊர் திரும்பியவள் ஆட்டோவை ராமாமிர்தம் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னாள். பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் வாயைத் திறந்து காட்டினாள். முன்பற்கள் இல்லை.

"மெட்டி கழல ஊசி போட்டாரு. பல்லு கழண்டுச்சு. அந்த ஊசிக்குள்ள இருக்கறது பாதரசம்."

"வயசானா பல்லு விழத்தான் செய்யும்," என்றார் உள்ளேயிருந்து ராமாமிர்தம்.

"கிட்னியும் விழுமா டாக்டரே?"

பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். வீங்கிய காலோடு ஒருத்தி மட்டும் எழவில்லை. "எனக்கு நேத்து போட்டதுல நல்லா எறங்குச்சே," என்றாள்.

தில்லையம்மாள் ஆட்டோவை அனுப்பிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் எறங்குச்சு. வா, சிதம்பரம் போலாம். நீ எந்திரிக்கற வரைக்கும் நானும் எந்திரிக்க மாட்டேன்."